ஒன்றரை அடியில் ஒரு சிவப்புக் கோடு

என் வீட்டு மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு பித்தளைப் புனலைக் கவிழ்த்து வைத்திருந்தேன். வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். பழைய மணியா, குத்துவிளக்கின் மேல்பாகமா என்று கேட்பார்கள். "காலேஜ் சாமான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அது ஒரு ஆன்டெனா. அதைப் பற்றி ஆரம்பித்தால் அதைக் கடைந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். அவரைப் பற்றிச் சொன்னால் நான் எப்படிப்பட்டவள் என்பதும் கூடவே வெளியே வந்துவிடும்.

இரண்டாயிரங்களின் நடுவில் புதுச்சேரியை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். வயது முப்பத்து நான்கு. ஊருக்குள் உப்பளம் பகுதியில் வாடகை வீடு, ஒரு ஸ்கூட்டர், பாதியில் நிற்கும் முனைவர் பட்ட ஆய்வு, இவற்றோடு அளவுக்கு மீறிய தலைக்கனம். வகுப்பில் யாராவது அலகு போடாமல் விடை எழுதினால் அந்தத் தாளை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடிப்பேன். "அஞ்சுன்னா என்ன அஞ்சு? அஞ்சு கிலோ கத்திரிக்காயா?" என்பேன். வகுப்பே சிரிக்கும், எழுதிய பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அளவில் தப்பு செய்கிறவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று மனதார நம்பிய காலம் அது.

என் ஆய்வு, சாலையில் போகிற வண்டிகள் தமக்குள் பேசிக்கொள்வது பற்றியது. முன்னால் போகும் வண்டி பிரேக் போட்டால், பின்னால் வருகிற ஓட்டுநர் அதைக் கண்ணால் பார்ப்பதற்குள் செய்தி அவருடைய வண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இதற்கு மில்லிமீட்டர் அலை எனப்படும் மிகக் குட்டையான ரேடியோ அலையை எடுத்துக்கொண்டோம். எங்கள் அலையின் நீளம் அரை சென்டிமீட்டர்தான். காற்றிலுள்ள ஆக்ஸிஜனே அதை வழியில் தின்றுவிடும், ஆகவே வெகுதூரம் போகாது. அடுத்த தெரு வண்டியோடு குழப்பமும் வராது. ஆனால் போகிற கொஞ்ச தூரமாவது உருப்படியாகப் போக வேண்டுமே. டார்ச் விளக்கின் குழிக் கண்ணாடி வெளிச்சத்தைக் குவிப்பதுபோல அலையை ஒரே திசையில் குவிக்க வேண்டும். அதைச் செய்வதுதான் புனல் வடிவ ஆன்டெனா. நாங்கள் அதை ஹார்ன் என்போம்.

வம்பு என்னவென்றால், நன்றாகக் குவிக்கிற புனல் நீளமாக இருக்கும். எங்களுக்கு வேண்டிய குவிப்புக்கு ஒன்றரைச் சாண் நீளம் வந்தது. ஒரு சின்னக் காரின் முன்பக்கத்தில், ரேடியேட்டரை இடிக்காமல் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீளத்தை வெட்டினால் புனல் மிகவும் விரிந்துவிடும். அப்போது நடுவில் நேராக வருகிற அலை சீக்கிரம் வாய்க்கு வந்துவிடும், ஓரமாகச் சரிந்து வருகிறது தாமதமாக வரும். முன்னே பின்னே வெளியேறுகிற அலைகள் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். இதற்கு மருந்தாக, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கிற ஒரு டெஃப்லான் வில்லையைப் புனலின் வாயில் பொருத்தினேன். தடித்த இடத்தில் அலை மெதுவாகப் போகும். ஓரத்து அலை வந்து சேர்வதற்கும் அது வெளியே வருவதற்கும் சரியாக இருக்கும். ஒன்றரைச் சாண் புனல் ஒரு விரல் நீளத்துக்குச் சுருங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது குவிப்பில் கொஞ்சமும் குறையவில்லை. அன்று கல்லூரி பஸ்ஸில் யாரோடும் பேசாமல் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன்.

இனி யாராவது அதைப் பித்தளையில் செய்து தர வேண்டும். உழவர்கரையில் அண்ணன் தம்பி இருவர் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார்கள். கல்லூரிக்குச் சில்லறை வேலைகள் செய்து கொடுப்பவர்கள். மூத்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஆர்டர் பிடிப்பது, பேச்சு, கணக்கு எல்லாம் அவர். லேத்தில் நிற்பது தம்பி. தம்பிக்கு இருபத்தேழு வயது இருக்கும், அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டார். என் வரைபடத்தை வாங்கி, தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள எவ்ளோ பளபளன்னு வேணும் மேடம்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை என் மாணவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அலை உரசிப் போகிற பரப்பு உள்பக்கம்தான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முகம் தெரிகிற மாதிரி வேண்டும் என்றேன்.

பாய்க்கு இந்த வேலையில் ஒரு பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. கல்லூரியில் நுண்ணிய வேலைகளுக்கென்று தனியாக ஒரு பட்டறைப் பட்டியல் உண்டு. அதில் அவர்களுடைய பெயர் ஏறிவிட்டால் மற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்தும் வேலை வரும். "எத்தினி நாளிக்கு மேடம் இரும்பு கேட்டு கீலும் மோட்டாரு புஷ்ஷும் போடறது? தம்பி கைக்கு நல்ல வேல வரணும்" என்றார். அதைச் சொல்லும்போது தம்பியின் தோளில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி இரண்டு புனல்கள் செய்தார். வில்லையின் வளைவுக்குத் தகரத்தில் மாதிரி அச்சு ஒன்று வெட்டி, அதை டெஃப்லான் மேல் வைத்து, டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார். கசிந்தால் மறுபடியும் லேத்துக்குப் போவார். புனலின் உள்ளே மெருகு போட்ட பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணால் அதன் தொண்டை வரை பார்ப்பார். நான் என் கைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்து அங்கேயே அளந்தேன். எங்கு வைத்தாலும் வரைபடத்தில் இருந்த எண்ணே வந்தது. பாராட்ட வாய் வரவில்லை. "பாக்கலாம், மெஷின்ல வச்சாதான் தெரியும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு நீள மர மேசை. அதில்தான் எல்லா ஆன்டெனாக்களையும் சோதிப்போம். ஒரு முனையில் அலையை அனுப்பும் புனலை வைத்து, எதிரே இன்னொரு புனலை வைத்து, எவ்வளவு வந்து சேர்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். எதிரே எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. மேசையில் முனையிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு இருக்கும். நான் சேர்வதற்கு முன்பே யாரோ போட்டது. வருஷா வருஷம் மாணவர்கள் வந்து அந்தக் கோட்டில் ஸ்டாண்டை வைப்பார்கள், அளவு எடுப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள், நான் கையெழுத்துப் போடுவேன். கோட்டைத் தாண்டி வைத்த ஒரு மாணவியை ஒருமுறை நானே திட்டியிருக்கிறேன்.

என் புனல்களையும் அந்தக் கோட்டில்தான் வைத்தேன். கம்ப்யூட்டர் சொன்னதைவிட ஒவ்வொரு புனலுக்கும் இரண்டரை டெசிபல் குறைவாக வந்தது. டெசிபல் என்ற கணக்கில் இது சின்ன எண்ணாகத் தெரியும். உண்மையில், போக வேண்டிய சக்தியில் கிட்டத்தட்டப் பாதியைக் காணோம் என்று அர்த்தம். திரும்பத் திரும்ப மூன்று நாள் அளந்தேன். நாலாவது நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே உழவர்கரைக்குப் போனேன்.

"பாய், கடைசல்ல எங்கியோ கோட்ட வுட்டுட்டீங்க. பாதி சக்தி போவுது" என்றேன்.

பாய் முகம் சுண்டிப்போனது. தம்பி வரைபடத்தை மறுபடியும் வாங்கிப் பார்த்தார். ஒரு வாரத்தில் புதிதாக இன்னொரு ஜோடி செய்து, மெருகு இன்னும் கூட்டி, துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அதையும் சிவப்புக் கோட்டில் வைத்தேன். மறுபடியும் அதே இரண்டரை.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவரும் நின்றிருப்பார்கள். கை தவறினால் ஒருநாள் கொஞ்சம் தவறும், மறுநாள் அதிகம் தவறும். இரண்டு தடவையும் நூல் பிடித்த மாதிரி ஒரே அளவு தவறுகிற கை உலகத்தில் கிடையாது. இதை நான் யோசிக்கவில்லை. என்னிடம் சொன்னவர் தம்பிதான். இரண்டாவது ஜோடியையும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பெஞ்சில் டக்கென்று வைத்தபோது, லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு வாட்டியும் ஒரே மாதிரி எப்பிடி மேடம் தப்பு வரும்? அளக்கறதுல எதுனா இருக்குமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினோரு வருஷமாக அளவெடுப்பதைச் சொல்லிக்கொடுக்கிறவளிடம், பத்தாவதோடு நிறுத்திய ஒருவர் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் குறுக்கே வந்துவிட்டார்.

"மேடம் மெஷின்ல பாத்து சொல்றாங்க. நீ கண்ணால பாத்து சொல்ற. பேசாம போ" என்றார்.

தம்பி போய் லேத்தை மறுபடியும் ஓட்டினார். அந்தச் சத்தத்தில் நான் பாயிடம் இன்னும் இரண்டு வார்த்தை கடுமையாகவே பேசினேன். புனல்களை வாரிக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பியதும், எங்கள் திட்டத்துக்கு உதவுகிற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் 'உள்பரப்புக் கடைசலில் துல்லியக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பட்டறைக்கும் ஒரு கடிதம் போயிற்று. நுண்ணிய வேலைகளுக்கு அந்தப் பட்டறை ஏற்றதல்ல என்று நாலே வரி. அதையும் நான்தான் எழுதினேன். நடை நன்றாக இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்த ஞாபகம் இருக்கிறது.

அடுத்த மாதம் வெளியில் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. குறையுள்ளதோ இல்லையோ, கையில் இருந்ததை வைத்துத்தானே செய்ய வேண்டும். கல்லூரி பஸ் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் என் ஆய்வு வழிகாட்டியின் பழைய காரையும் கல்லூரி வேனையும் எதிரெதிரே நிறுத்தினோம். வழிகாட்டி ஓய்வு பெறப் போகிறவர், என்மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தவர். இரண்டாவது ஜோடியை வண்டிக்கு ஒன்றாக முன்பக்கத்தில் பலகை வைத்துக் கயிற்றால் கட்டினோம். இடையில் இருபது மீட்டர். மேசையில் அளந்த எண்ணை வைத்து நான் போட்ட கணக்குப்படி வர வேண்டியதைவிட மீட்டரில் ஐந்து டெசிபல் அதிகம் காட்டியது.

"தரையில பட்டு எகிறி வருது போலிருக்கும்மா" என்றார் வழிகாட்டி, சந்தோஷமாக. குறைந்தால் கவலை, கூடினால் அவருக்கு என்ன.

தரையில் பட்டு வருவதென்றால் வண்டியை நகர்த்தினால் மாறும். நகர்த்தினோம். முப்பது மீட்டரிலும் அதே ஐந்து. நாற்பதிலும் ஐந்து. காணாமல்போன இரண்டரையும் இரண்டரையும் சேர்ந்து ஐந்தாக என் எதிரில் வந்து நின்றது. வேனின் பானெட் வெயிலில் சுட்டது. அதன்மேல் ஒரு தாளை வைத்து, வகுப்பில் நூறு தடவை எழுதிப்போட்ட ஒரு சூத்திரத்தை எழுதினேன். ஆன்டெனா வாயின் அகலத்தை அதாலேயே பெருக்கி, இரண்டால் பெருக்கி, அலையின் நீளத்தால் வகுக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு அப்பால் வைத்து அளந்தால்தான் அளவு செல்லும். எங்கள் புனலின் வாய் ஏழு சென்டிமீட்டர். ஏழு தரம் ஏழு நாற்பத்தொன்பது. இரண்டால் பெருக்கினால் தொண்ணூற்றெட்டு. அரையால் வகுத்தால் நூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். ஆறு அடிக்கும் மேல். நான் ஒன்றரை அடியில் வைத்து அளந்திருந்தேன்.

அந்தச் சிவப்புக் கோடு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள பழைய அலைகளுக்காக யாரோ போட்டது. அவற்றுக்கு அது சரியான கோடுதான். அலை குட்டையாகக் குட்டையாகத் தூரம் கூட வேண்டும். என் மனசோ, சின்ன அலை, சின்னப் புனல், கிட்ட வைத்தால் என்ன என்று போயிருக்கிறது. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. மிகக் கிட்டத்தில் வைத்தால், வாயின் நடுவிலிருந்து வரும் அலையும் ஓரத்திலிருந்து வரும் அலையும் எதிரே முன்னே பின்னே போய்ச் சேரும், ஒன்றையொன்று கெடுக்கும். இந்த வித்தியாசத்தைப் புனலுக்குள் சரிசெய்யத்தான் வில்லை வைத்தேன், அதுதான் என் ஆய்வே. உள்ளே சரிசெய்ததை வெளியே மறந்திருக்கிறேன். எங்கள் தேர்வில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி. தப்பாக எழுதியவர்களுக்கு நான் அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை.

"என்னம்மா கணக்கு?" என்று வழிகாட்டி கேட்டார்.

"தரையில பட்டு வர்றதுதான் சார்" என்றேன். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நிமிஷத்திலிருந்துதான் என் குற்றம் ஆரம்பம். அதுவரை நடந்தது தப்பு, தப்பு யாருக்கும் வரும். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு கடிதம், ஒரு மன்னிப்பு, கொஞ்சம் சிரிப்பு, அத்தோடு போயிருக்கும். அறிக்கை போய்விட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டம் நின்றுவிடும் என்று பயந்தேன். அதுகூட முழு உண்மையில்லை. என் வகுப்பில் கத்திரிக்காய்க் கதையைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள் எல்லோரும் இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு விடுமுறை நாளில், கல்லூரியில் ஆள் இல்லாதபோது, இரண்டு மேசைகளை வராந்தாவுக்கு இழுத்துப்போட்டு ஏழு அடி தூரத்தில் வைத்து அளந்தேன். நாலு புனலும் கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே சொல்லின. முதல் ஜோடிக்கும் இரண்டாவது ஜோடிக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஆய்வேட்டில் ஓர் அட்டவணை போட்டேன். முதல் ஜோடி, குறையுள்ளது, பழைய அளவு. இரண்டாவது ஜோடி, திருத்தியது, புதிய அளவு. இரண்டுக்கும் இடையில் 'கடைசல் மேம்படுத்தப்பட்ட பின்' என்று ஒரு வரி. பட்டம் வந்தது. சிவப்பு அட்டை போட்ட அந்த ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. அட்டவணையை இன்றுவரை நான் திருத்தவில்லை. முதல் ஜோடியில் ஒன்றை வில்லையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. காற்றாடி போட்டால் தாள் பறக்கும், அதற்கு வைத்துக்கொண்டேன்.

உழவர்கரைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். போக வேண்டி வந்தால் அந்தப் பட்டறைத் தெருவைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு போவேன். ஆனால் இது சின்ன ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரைச் சாலையில் பாய் குடும்பத்தோடு எதிரே வந்துவிட்டார். நான் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்தேன். அவரே கிட்ட வந்து சிரித்தார்.

"மேடம், நல்லா இருக்கீங்களா? நீங்க சொன்னப்பறம் தம்பிய லேத்துலேர்ந்து எடுத்துட்டேன். கேட்டு, கிரில்லு வெல்டிங் பாக்கறான். கொஞ்சம் அசால்ட்டாயிட்டான் போல, எனக்கே தெரியல. நீங்க சொன்னதாலதான் கண்ணு தெறந்துச்சி" என்றார்.

எனக்கு நன்றி சொன்னார். "அப்பிடியா, சரி பாய்" என்றேன். அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் போன பிறகு வெகு நேரம் அங்கேயே நின்றிருந்தேன், சுண்டல் விற்பவர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கடிதம் போய் மூன்று வருஷம் ஆயிற்று. உப்பளத்து வீட்டில் கடல் காற்று ஜன்னல் கம்பிகளை அரித்துத் தின்றுவிட்டது. விரலால் தொட்டால் துரு உதிரும். வீட்டுக்காரர் ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று பிரான்சிலேயே பிள்ளைகளோடு தங்கிவிட்டவர். அவருக்கு எழுதிப்போட்டு, பதில் வாங்கி, பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிரில் போட நல்ல ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்தேன். மறுநாள் காலையில் கதவைத் தட்டியவர் தம்பி.

"நீங்களா மேடம்? கடக்காரரு டீச்சரம்மா வூடுன்னுதான் சொன்னாரு" என்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். கைகளில் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்ன வடுக்கள்.

கூடத்து ஜன்னலை முதலில் அளந்தார். அகலத்தை மூன்று இடத்தில், உயரத்தை மூன்று இடத்தில். எழுதிவிட்டு, இன்ச் டேப்பின் முனையை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் ஒருவாட்டி அளந்துருங்க மேடம்."

"எதுக்கு? அதான் நீங்க மூணு வாட்டி அளந்தீங்களே."

"இல்ல மேடம், அண்ணன் போட்ட சட்டம். நான் எடுத்த அளவ பார்ட்டியும் ஒருவாட்டி பாத்து, சீட்டுல கையெழுத்து போடணும். அப்பறமா தப்பு வந்துச்சின்னா?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்.

டேப்பைப் பிடித்து அளந்தேன். அவர் எழுதியிருந்த எண்ணேதான். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஜன்னல் என் மேசைக்குப் பின்னால். டேப் போக வழி வேண்டும் என்று மேசையை நகர்த்தப் போனவர், தாள்களின் மேலிருந்த புனலைப் பார்த்தார். எடுத்தார். சட்டை நுனியால் ஒரு துடை துடைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தார்.

"மொத ஜோடில ஒண்ணு. வாயோரத்துல ஒரு கீறல் போட்டிருப்பேன். ரெண்டாவதுக்கு ரெண்டு" என்றார். கண்ணை எடுக்காமலே கேட்டார். "இதுல என்னதான் மேடம் தப்பு இருந்துச்சி? அண்ணன் அன்னிக்கு கேக்கவே வுடல."

பொய் தயாராகவே இருந்தது. பெரிய பெரிய வார்த்தைகளாக நாலைந்து நாக்கு நுனி வரை வந்தன, அதில் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் தலையாட்டியிருப்பார். நான் உண்மையைச் சொன்னதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் புனலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. நான்தான் கிட்ட வச்சி அளந்துட்டேன். ஆறடிக்கு மேல வச்சி அளந்திருக்கணும், ஒன்றரை அடியில வச்சேன்."

புனலைக் கீழே இறக்கினார்.

"தூரமா வச்சி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சரியா வந்துச்சா?"

"கம்ப்யூட்டர் சொன்னது அப்படியே வந்துது."

"நாலுமா?"

"நாலும்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் பார்த்த கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. புனலைக் கையில் இப்படியும் அப்படியும் உருட்டினார்.

"எப்ப மேடம் தெரிஞ்சிது?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. என் தப்பைப் பற்றியே யோசித்து யோசித்து, அவர் கேட்கக்கூடிய கேள்வி இது ஒன்றுதான் என்பதைக்கூட யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

"மூணு வருஷம் ஆவுது. கடுதாசி போட்ட அடுத்த மாசமே தெரியும்" என்றேன்.

அவர் கட்டைவிரலால் வாயோரத்துக் கீறலைத் தடவிக்கொண்டிருந்தார். தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள். எனக்கு அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது. உட்காரச் சொல்லவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"நான் வந்து அண்ணன்கிட்ட சொல்றேன் தம்பி. இன்னிக்கே வர்றேன். எழுதியும் தர்றேன்."

"வேணாம் மேடம்."

"இல்ல, நான் சொன்னா அவர்..."

"நீங்க சொன்னா ஒடனே நம்பிடுவாரு. அன்னிக்கும் அப்பிடித்தான் நம்புனாரு. நானே சொல்லிக்கறேன்" என்றார். குரல் உயரவில்லை.

புனலை எடுத்த இடத்தில், தாள்களின் மேல், எப்படி இருந்ததோ அப்படியே கவிழ்த்து வைத்தார். ஜன்னலுக்குப் போனார். டேப்பின் ஒரு முனையைக் கட்டைவிரலால் மேல் மூலையில் அழுத்திக்கொண்டு மறுமுனையை அவரே கீழே இழுத்தார். உயரம் ஒரு தடவை, அகலம் ஒரு தடவை. எழுதினார். நான் பேனாவை எடுத்துக்கொண்டு, சீட்டுக்காகக் கையை நீட்டினேன்.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதுக்குக் கையெழுத்து வேணாம் மேடம்" என்றார்.